வீட்டில் மெழுகுதிரி வார்ப்பது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் கடைசியில் கரண்ட் நாளுக்கு 13 மணிநேரம் வரை நின்றபோது, கையில் கிடைத்த மெழுகை உருக்கித் திரி போட்டுப் பார்த்தவர்கள் யாழ்ப்பாணத்தில் கொஞ்சப் பேர் இல்லை. கரண்ட் திரும்பி வந்த பிறகும் சிலருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. அவர்களும், வடிவான படங்களைப் பார்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன. குளிர்நாட்டு வீட்டை நினைத்து எழுதிய குறிப்புகளை அப்படியே இங்கே செய்து பார்த்துவிட்டு "எனக்கு வருதில்லை" என்று சலித்துப்போகிறவர்கள்தான் அதிகம். உங்கள் கையில் பிழை இல்லை, நமது வெக்கைக்கு அந்தக் குறிப்புகள் பொருந்தாது, அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு என்ன சாமான் வேண்டும்?

மெழுகு, பருத்தித் திரி, தண்ணீர் கொதிக்க ஒரு சட்டி, அதற்குள் இறங்கக்கூடிய பழைய பால்மாப் பேணி, ஒரு சின்னத் தராசு, வெப்பமானி. பேணியின் வாயை ஒரு பக்கம் குறட்டால் கொஞ்சம் வளைத்துவிட்டால் ஊற்றச் சுகம். வெப்பமானி மட்டும் காசு கொடுத்து வாங்கவேண்டி வரும், அதை மிச்சம் பிடிக்கவேண்டாம். மெழுகு உருக்கிய பேணியையும் கரண்டியையும் திரும்பச் சமையலுக்கு எடுக்கவேண்டாம், குசினியில் இருந்து பிரித்து வைத்துவிடுங்கள்.

எந்த மெழுகு நல்லது?

நமக்கு இலகுவாகக் கிடைப்பது பரபின் மெழுகு. கடையில் விற்கும் வெள்ளை மெழுகுதிரி எல்லாம் பெரும்பாலும் அதுதான், பெற்றோலிய எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது வருவது. மெழுகுதிரிக்கு எடுக்கும் பரபின் சுமார் 55 முதல் 60 பாகை செல்சியஸில் உருகும். பகல் வெக்கை 30ஐத் தாண்டும் ஊரில் இது பெரிய வசதி, வார்த்துவைத்தால் நின்றபடி நிற்கும். கூட ஸ்டியரிக் அமிலம் (கொழுப்பில் இருந்து எடுக்கும், மெழுகுபோன்ற வெள்ளைச் சரக்கு) கிடைத்தால் 100 கிராம் மெழுகுக்கு 10 கிராம் வரை போடலாம். மெழுகு இறுகும், கண்ணாடிபோலத் தெரியாமல் வெள்ளையாக வரும், அச்சில் இருந்து கழன்று வரவும் உதவும்.

இணையம் முழுக்கப் புகழ்வது சோயா மெழுகை. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் வந்த சாமான் அது. போத்தலில் ஊற்றுவதற்கான சோயா மெழுகு 50 பாகைக்கு அண்மித்தே உருகிவிடும், சில வகைகள் அதற்கும் கீழே. போத்தலுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் அதை அச்சில் வார்த்துத் தனியாக நிறுத்தினால் ஏப்ரல், மே மாதத்தில் சரிந்துபோய்க் கிடக்கும். கொழும்பில் இருந்து எடுப்பிக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், பழகும் காலத்தில் சோயா தேவையே இல்லை என்பது என் எண்ணம். பரபினில் கை பழகட்டும், பிறகு பார்க்கலாம்.

கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகைப் பாவிக்கலாமா?

தாராளமாக. மாதா கோயில், அந்தோனியார் கோயில் என்று திருநாளுக்குத் திருநாள் எவ்வளவு மெழுகு வழிந்து கிடக்கிறது. பொறுப்பானவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், சில கோயில்களில் அவர்களே சேர்த்துத் திரும்ப வார்க்கக் கொடுப்பார்கள். பழைய மெழுகில் திரித் துண்டு, கரி, நெருப்புக்குச்சித் தலை, மண் எல்லாம் கலந்திருக்கும். உருக்கி, ஒரு பத்து நிமிடம் அசைக்காமல் விட்டு, அடியில் மண்டி தங்கிய பிறகு மேலே உள்ளதைப் பழைய வேட்டித்துண்டில் வடியுங்கள். வடிக்காமல் வார்த்தால் அந்தக் கரித்தூள் போய்த் திரியின் இழைகளை அடைத்துவிடும், நன்றாக எரிந்துகொண்டு வந்த சுடர் பாதியில் மங்கும். பல விதமான மெழுகு கலந்திருப்பதால் இந்த மெழுகு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி எரியும். பழகுவதற்கும் வீட்டுக்கும் சரி, ஒரே மாதிரி பத்துச் செய்ய நினைத்தால் சரிவராது.

தேன்மெழுகு?

கிடைத்தால் விடாதீர்கள். வன்னிப் பக்கம் தேன் எடுப்பவர்களைத் தெரிந்திருந்தால், தேன் பிழிந்த பிறகு வதையை எறியவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வதையைத் தண்ணீரோடு சேர்த்து மெதுவாகச் சூடாக்கினால் மெழுகு உருகி மேலே மிதக்கும், அழுக்கு கீழே போகும். சீலையில் வடித்து ஆறவிட்டால் தண்ணீரின் மேல் மஞ்சள் தட்டாக உறைந்து நிற்கும், அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்ணிறப் படையைக் கத்தியால் சுரண்டிவிட்டு இன்னொரு முறை உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும், நமது வெக்கைக்கு இதைவிடத் தோதான மெழுகு இல்லை. பரபினுக்குப் போடும் திரி இதற்குக் காணாது, தடித்த திரி வேண்டும். பாரமான வாசனை எண்ணெய் ஒன்றும் சேர்க்கவேண்டாம், அதற்கு இருக்கும் மணமே போதும்.

பனை மெழுகு என்று விற்பது நமது பனையில் இருந்து வருவதா?

இல்லை. அது எண்ணெய்ப் பனையில் இருந்து, அதாவது பாம் எண்ணெய் எடுக்கும் மரத்தில் இருந்து வருவது. நமது பனை வேறு மரம்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, அதைக் கொண்டு செய்ய ஏலாதா?

தேங்காய் எண்ணெய் உறைவது 24 பாகை அளவில். யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில் போத்தலுக்குள் ஓரளவு உறைந்து நிற்கும், வெயில் ஏறினால் தண்ணீர்தான். தனியாக அது மெழுகுதிரி ஆகாது. தேன்மெழுகு மூன்று பங்குக்கு எண்ணெய் ஒரு பங்கு கலந்து போத்தலில் ஊற்றலாம், தேன்மெழுகு ஆறும்போது வெடிப்பு விழுவதும் அதனால் குறையும். பரபினோடு கலந்தால் மேற்பரப்பில் எண்ணெய் கசியப் பார்க்கும். வெறும் எண்ணெயையே எரிக்கவேண்டும் என்றால் சிட்டி விளக்கு இருக்கிறதே, அதைக் கொளுத்துங்கள்.

உருக்கும்போது தீப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படி உருக்குவது?

பயம் நல்லதுதான். பேணியை நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. சட்டியில் தண்ணீர் வைத்து, அடியில் ஒரு பழைய தகர மூடியைப் போட்டு, அதன் மேல் பேணியை இறக்குங்கள். தண்ணீர் கொதித்தாலும் 100 பாகையைத் தாண்டாது என்பதால் மெழுகும் தாண்டாது. நேரடி நெருப்பில் வைத்தால் மெழுகின் சூடு ஏறிக்கொண்டே போகும், 200 பாகைக்குக் கிட்டப் போனால் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும், அதற்கு முன்னால் அது கொதித்துக்காட்டி எச்சரிக்கவும் மாட்டாது. சட்டியில் தண்ணீர் வற்றிப்போனால் அதுவும் நேரடி நெருப்பு மாதிரித்தான், ஆகவே பக்கத்தில் நில்லுங்கள், தொலைபேசி வந்தால் அடுப்பை நூர்த்துவிட்டுப் போங்கள். விறகடுப்பில் சுவாலை பக்கத்தால் எழும்புவதால் இந்த வேலைக்கு அது உதவாது. காஸ் அடுப்பு என்றால் மிகக் குறைந்த சுவாலை.

மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் கீழே போய் ஒரே நொடியில் நீராவியாகி எரியும் மெழுகைக் கூரை வரைக்கும் எறியும். அடுப்பை நூர்த்து, மூடியால் மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மூடியை வேலை தொடங்கும்போதே கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், பிடித்த பிறகு தேடக்கூடாது. உருகிய மெழுகு கையில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்த்து எடுத்தால் தோலும் கூட வரும். பற்பசை பூசும் வேலை வேண்டாம். பெரிதாகச் சுட்டால் வைத்தியசாலைதான்.

ஒரு போத்தலுக்கு எவ்வளவு மெழுகு என்று எப்படிக் கணக்குப் போடுவது?

போத்தலில் எந்த மட்டத்துக்கு வேண்டுமோ அந்த மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு அளவுங்கள். 200 மி.லீ. தண்ணீர் என்றால் சுமார் 180 கிராம் மெழுகு, 0.9ஆல் பெருக்கினால் சரி. இரண்டாம் முறை ஊற்றக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவையுங்கள். பிறகு அந்தப் போத்தலை ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள், அடியில் ஈரம் நின்றால் எரியும்போது சடசடவென்று வெடிக்கும்.

எந்தத் திரி போடவேண்டும்?

இதுதான் உண்மையான கேள்வி, இதைத்தான் கடைசியில் கேட்கிறார்கள்.

எரிவது திரி இல்லை, மெழுகும் கட்டியாக இருக்கும்போது எரியாது. சுடரின் சூட்டில் மெழுகு உருகி, இழைகளுக்கு நடுவால் மேலே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. நம்பாவிட்டால் மெழுகுதிரியை ஊதி நூர்த்தவுடன் மேலே எழும்பும் வெள்ளைப் புகையில், திரியைத் தொடாமல் ஒரு சதமமீற்றர் உயரத்தில், நெருப்புக்குச்சியைப் பிடித்துப் பாருங்கள். சுடர் அந்தப் புகை வழியே கீழே பாய்ந்து திரியில் ஏறிக்கொள்ளும். அந்த வெள்ளைப் புகை குளிர்ந்த மெழுகு ஆவி. ஆகவே திரி என்பது மெழுகை மேலே இழுக்கும் குழாய். குழாய் சிறிதென்றால் சுடர் பட்டினி கிடக்கும், பெரிதென்றால் எரிக்க முடியாத அளவுக்கு இழுத்துக் கரியாகத் துப்பும்.

எந்த அளவு சரி என்பது மெழுகையும் போத்தலின் அகலத்தையும் பொறுத்தது. 5 செ.மீ. அகலப் பரபினுக்குச் சுமார் 2 மி.மீ. தடிப்பான பருத்திப் பின்னலில் தொடங்கலாம். கொளுத்தி, அகலத்தில் 2.5 செ.மீ.க்கு ஒரு மணிநேரம் என்ற கணக்கில் விடுங்கள், அதாவது 5 செ.மீ. போத்தலுக்கு இரண்டு மணிநேரம். அதற்குள் உருகிய மெழுகு விளிம்பு வரை போய்த் தொட்டு, ஒரு செ.மீ.க்குக் கூடாத ஆழத்தில் நின்றால் திரி சரி. விளிம்புக்குப் போகாவிட்டால் ஒரு அளவு கூட்டுங்கள். ஒரு மணிநேரத்திலேயே போய், ஆழமும் கூடி, சுடர் நீண்டு ஆடினால் ஒரு அளவு குறையுங்கள். சோயாவுக்கும் தேன்மெழுகுக்கும் இதைவிடத் தடித்தது வேண்டும். வேறு வழி இல்லை, எரித்துத்தான் பார்க்கவேண்டும்.

வீட்டில் இருக்கும் நூலில் திரி செய்யலாமா?

செய்யலாம், நூல் சுத்தமான பருத்தியாக இருந்தால். தையல் நூலில் பெரும்பங்கு பொலியெஸ்டர். ஒரு முனையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் என்றால் உருகிக் கறுத்த மணியாக உருளும்.

முறுக்கவேண்டாம், பின்னுங்கள். மூன்று இழையாகத் தலைபின்னுவது மாதிரிப் பின்னினால் போதும். பின்னல் திரி எரியும்போது மெல்ல வளைந்து அதன் நுனி சுடரின் ஓரத்துக்கு வரும், அங்கே காற்று கூடுதலாகப் படுவதால் நுனி சாம்பலாகி உதிர்ந்துவிடும். பிரான்சில் 1825ஆம் ஆண்டளவில் கம்பாசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவரும் வரைக்கும் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கத்தரியோடு நின்று கரித்திரியை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். விளக்குக்கு உருட்டும் பஞ்சுத்திரி இதற்கு உதவாது. எண்ணெயில் அது விளிம்பில் சாய்ந்து படுத்திருக்கலாம், மெழுகுதிரியில் திரி தானே நிமிர்ந்து நிற்கவேண்டும், பஞ்சு உருகிய மெழுகுக்குள் விழுந்து நூர்ந்துவிடும். லாம்புத் திரி தட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதால் சின்னப் போத்தலுக்குக் கூடிப்போகும்.

பின்னியதை அப்படியே போடலாம். கொஞ்சம் மெனக்கெட்டால் நல்ல திரி வரும்: ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரமும் (போராக்ஸ்) கரைத்து, திரியை ஓர் இரவு ஊறவிட்டு, பிறகு நிழலில் இரண்டு மூன்று நாள் கட்டித் தொங்கவிடுங்கள். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஊறிய திரி மெதுவாக எரியும், நூர்த்த பிறகு கனன்றுகொண்டு புகைவதும் குறையும். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம், காயாது. காய்ந்த பிறகு உருகிய மெழுகில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்து, எடுத்து நேராக இழுத்து ஆறவிடுங்கள். குமிழி என்பது நூலுக்குள் இருக்கும் காற்று. அது போய் மெழுகு ஏறினால்தான் முதல்முறை கொளுத்தும்போது உடனே பற்றும்.

திரியை நடுவில் நேராக நிறுத்துவது எப்படி?

அடியில் ஒரு சின்னத் தகர வட்டத்தில் துளையிட்டுத் திரியைக் கோத்து, ஒரு சொட்டு மெழுகால் போத்தலின் அடியில் ஒட்டுங்கள். மேலே இரண்டு ஈர்க்கை வாய்க்குக் குறுக்கே வைத்து, நடுவில் திரியைப் பிடிக்கக் கட்டிவிட்டால் அசையாது. நடு தவறினால் ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் சுட்டு வெடிக்கக்கூடும், அழகுக்காகச் சொல்லவில்லை.

நடுவில் மட்டும் குழிபோல எரிந்து இறங்குகிறது, ஓரத்தில் மெழுகு அப்படியே நிற்கிறது. ஏன்?

ஒன்று திரி சிறிது. அல்லது முதல்தரம் கொளுத்தியபோது கெதியாக நூர்த்துவிட்டீர்கள். முதல்முறை விளிம்பு வரை உருகவிடாமல் நூர்த்தால் அடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுடர் இறங்கிப்போகும். கரண்ட் போகும்போது கொளுத்தி, வந்தவுடன் நூர்க்கிற வீட்டில் இது நடக்கத்தான் செய்யும். அப்படிப் பாவிப்பதற்கு அகலமான போத்தலே வேண்டாம், ஒடுங்கிய நெட்டை மெழுகுதிரி செய்யுங்கள். ஏற்கனவே குழி விழுந்துவிட்டால் ஓரத்து மெழுகைக் கரண்டியால் வழித்துத் திரும்ப உருக்குவதுதான் சுருக்கமான வழி.

கரி அடிக்கிறது, சுவர் கறுக்கிறது.

திரியை ஒவ்வொரு முறை கொளுத்தும் முன்னும் 5, 6 மி.மீ.க்கு வெட்டுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு போகும். மற்றப் பாதி காற்று. ஃபானுக்குக் கீழே வைத்தால் எந்த நல்ல திரியும் கரி அடிக்கும், சோளகக் காற்று வீசும் நாட்களில் யன்னலோரமும் அப்படித்தான். திரி நுனியில் காளான் மாதிரிக் கரி திரண்டால் திரி பெரிது, அல்லது வாசனை எண்ணெய் கூட.

மேலே நடுவில் பள்ளம் விழுகிறது, சில நேரம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது.

பள்ளம் பரபினில் வரும். மெழுகு ஆறும்போது சுருங்குகிறது, ஓரம் முதலில் இறுகுவதால் சுருக்கம் எல்லாம் நடுவுக்கு வந்துசேர்கிறது. மேலே தோல் பிடித்து முக்கால்வாசி இறுகியதும் திரிக்குப் பக்கத்தில் ஈர்க்கால் இரண்டு மூன்று துளை குத்தி, மிச்சம் வைத்த மெழுகை முதலில் ஊற்றியதைவிட ஐந்து பாகை கூடுதல் சூட்டில் ஊற்றுங்கள். மேலே மட்டும் மூடினால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும், சுடர் அங்கே போகும்போது மெழுகு திடீரென்று உள்ளே வடிந்துவிடும். வெள்ளைப் பூ சோயாவின் சுபாவம். எரிவதற்கு ஒரு குறையும் இல்லை, விட்டுவிடுங்கள்.

நிறத்துக்குப் பிள்ளைகளின் கிறேயோன் போடலாமா?

பலர் போடுகிறார்கள், போடவேண்டாம். கிறேயோனில் இருப்பது கரையாத நிறத்தூள், அது போய்த் திரியை அடைக்கும். மஞ்சள்தூள், சந்தனத்தூள் எல்லாம் அதே கதை. கேக்குக்குப் போடும் திரவச் சாயம் தண்ணீரில் கரைந்தது, மெழுகில் சேராது, அடியில் துளித்துளியாக நிற்கும். மெழுகுக்கென்று விற்கும் எண்ணெயில் கரையும் சாயம்தான் சரி, அதுவும் நகக்கண்ணளவு. கிறேயோனைத்தான் தீர்க்கவேண்டும் என்றால் மெழுகுதிரியின் வெளிப்பக்கத்தில் மட்டும் மெல்லிய படையாகப் பூசலாம்.

வாசனை எவ்வளவு சேர்ப்பது? சென்ட் ஊற்றலாமா?

உடம்புக்கு அடிக்கும் சென்ட் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பங்கு மதுசாரம், மெழுகில் கலக்காது, சூட்டில் தீப்பிடிக்கும். மெழுகுக்கான வாசனை எண்ணெய் என்றால் 100 கிராமுக்கு 6 கிராமில் தொடங்குங்கள். கூடப் போட்டால் கூட மணக்கும் என்று இல்லை, ஒரு அளவுக்கு மேல் மெழுகு பிடித்துவைக்காமல் வியர்வைபோலக் கசியவிடும், நமது வெக்கையில் இன்னும் கெதியாக. அடுப்பில் இருந்து இறக்கி 70 பாகை அளவுக்கு ஆறியதும் ஊற்றி, இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வார்த்த அன்றே கொளுத்தி மணக்கவில்லை என்று சொல்லவேண்டாம். பரபினுக்கு இரண்டு மூன்று நாள், சோயாவுக்கு ஒரு கிழமைக்கு மேல் மூடி வைத்திருங்கள்.

கறுவா எண்ணெய் நமது நாட்டுச் சரக்கு, நல்ல மணம், ஆனால் தோலில் பட்டால் எரிவு வரும், கையுறை போடுங்கள். கறுவாப்பட்டை, காய்ந்த மல்லிகைப்பூ, ஏலக்காய் எல்லாம் மெழுகின் மேலே பதித்த படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை உருகிய மெழுகில் மிதந்து சுடருக்குப் போய்ச் சேர்ந்தால் ஒவ்வொன்றும் இன்னொரு திரி. படத்துக்குச் செய்யுங்கள், கொளுத்தவேண்டாம்.

சிட்ரனெல்லாப் புல் எண்ணெய் போட்டால் நுளம்பு வராதா?

பக்கத்தில் கொஞ்சம் குறையலாம், அதுவும் காற்றில்லாத இடத்தில். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, நீங்கள் மெழுகுதிரி கொளுத்துவது இரவில். வளவில் தேங்கி நிற்கும் தண்ணீரைக் கொட்டுவதற்கு இது ஈடில்லை.

எந்தப் பாத்திரத்தில் ஊற்றலாம்? சிரட்டை வடிவாக இருக்குமே?

ஜாம் போத்தல்தான் என் தேர்வு. சூடான பண்டத்தை ஊற்றுவதற்கென்றே செய்த கண்ணாடி அது. 90களில் கரண்டும் இல்லாமல் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் இருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் வைத்து, சைக்கிள் வால்வுக்குள்ளால் திரி விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்த ஊர் இது. போத்தலை நம்பலாம். ஆனாலும் கீறலோ நெளிவோ இருந்தால் எறிந்துவிடுங்கள், ஊற்றுவதற்கு முன் வெயிலில் வைத்துச் சூடேற்றுங்கள், கடைசி ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நூர்த்துவிடுங்கள். வைன் கிளாஸ், மெல்லிய தண்ணீர்க் கிளாஸ் வேண்டாம். மீன் ரின் நல்லது, அடியில் ஒரு ஓட்டுத்துண்டு வைத்தால் மேசை சுடாது.

சிரட்டை எரியும் பொருள், அதை மறக்கக்கூடாது. கண் உள்ள பாதி ஒழுகும், கண் இல்லாத பாதியை எடுங்கள். தும்பை வடிவாகச் சுரண்டி, உட்பக்கத்தைத் தேய்த்து, திரியின் தகரவட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி ஒட்டி, சுடர் அடியைத் தொடாமல் பாருங்கள். தட்டில் வைத்து, கண்முன்னால் எரியும்வரை மட்டும்.

சிட்டியில் மெழுகு ஊற்றிக் கார்த்திகை விளக்கீட்டுக்கு வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சுட்ட மண் மெழுகை உறிஞ்சும். உறிஞ்சிய சிட்டியின் விளிம்பே சில வேளை திரிபோல எரியத் தொடங்கும், மேசைச் சீலையிலும் ஊறும். வேலிப்பக்கம், படலையடி, முற்றம் என்று வெளியில் வைப்பதற்குப் பயமில்லை. மழை தூறும் மாதத்தில் எண்ணெயைவிட மெழுகு வசதியும்கூட.

அச்சு வாங்காமல் நெட்டை மெழுகுதிரி வார்க்க வழி உண்டா?

பப்பாசி இலைக் காம்பு. அது உள்ளே குழல். முற்றிய இலையாகப் பார்த்து வெட்டி, நேரான பகுதியை ஒரு சாண் அளவு எடுத்து, பாலைக் கழுவி, நிழலில் வாடவிடுங்கள். ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, திரியை நடுவால் இறக்கி மேலே ஈர்க்கில் கட்டி இழுத்து, மணல் நிரப்பிய வாளிக்குள் நிமிர்த்திக் குத்தி நிறுத்துங்கள். பரபினை 70 பாகைக்குக் கொஞ்சம் மேலே ஊற்றினால் போதும். முழுதாக ஆறியதும் கத்தியால் நீளத்துக்குக் கீறிக் காம்பை உரித்தால் உள்ளே மெழுகுதிரி இருக்கும், காம்பின் உள்வரிகள் லேசாகப் பதிந்தபடி. காம்பு ஒருபோதும் முழு நேராக இருக்காது, ஆகவே மெழுகுதிரியும் சற்று வளைந்துதான் வரும், எனக்கு அது பிடிக்கும். பிளாஸ்டிக் குழாயிலும் வார்ப்பார்கள், கூடச் சூட்டில் ஊற்றினால் குழாய் இளகும், கழற்றுவதும் சண்டை.

நவம்பர் 2ஆம் திகதி, இறந்தவர்களை நினைக்கும் நாளில், சேமக்காலையில் வைப்பதற்கு எப்படிச் செய்வது? காற்றில் நூர்ந்துவிடுகிறது.

ஒரு அளவு தடித்த திரி, ஸ்டியரிக் அமிலம் சேர்த்த பரபின், அகலத்தைவிட இருமடங்கு உயரமான போத்தல், பாதிக்கு மட்டும் மெழுகு. போத்தல் சுவரே காற்றுக்கு மறைப்பு. மழைத்தண்ணீர் விழாமல் மேலே தகர மூடியைத் துளைகள் போட்டு வைக்கலாம், துளை காணாவிட்டால் சுடர் காற்றின்றிச் சாகும். கூட்டம் உள்ள இடம், சீலைத் தலைப்புப் படாத உயரத்தில் வையுங்கள்.

விற்கலாமா?

விற்கலாம். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அடிவரை எரித்துப் பார்க்காமல் மற்றவர் வீட்டுக்குக் கொடுக்கவேண்டாம். வெளியில் இருந்து திரி வாங்கினால் உள்ளே கம்பி உள்ளதா என்று பாருங்கள். ஈயக்கம்பித் திரியை அமெரிக்கா 2003இல் தடைசெய்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கம்பித்திரி நமக்குத் தேவையில்லை.

ஒவ்வொரு முறையும் வேறுமாதிரி வருகிறது, எப்படித் திருத்துவது?

ஒரு கொப்பி வையுங்கள். மெழுகு எது, எவ்வளவு, திரி எது, ஊற்றிய சூடு, அன்றைய காலநிலை, இரண்டு மணிநேரத்தில் எவ்வளவு தூரம் உருகியது. அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரியையும் மாற்றி வாசனையையும் மாற்றி, நன்றாக வந்துவிட்டால் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? போத்தலின் அடியில் கொப்பியில் உள்ள இலக்கத்தை ஒட்டிவிட்டால் மூன்று மாதம் கழித்து அலுமாரியில் இருந்து எடுத்தாலும் அது எது என்று தெரியும். வைக்கும் இடம் வெயில் படாத கீழ்த்தட்டு. தகரக் கூரைக்குக் கீழே, நிறுத்திவைத்த வாகனத்துக்குள், யன்னலோரத்தில் எல்லாம் பரபின்கூட வளையும்.

சிந்திய மெழுகை, பேணியில் ஒட்டியதை எப்படிக் கழுவுவது?

கழுவவேண்டாம். சுடுதண்ணீரால் கழுவித் தொட்டிக்குள் ஊற்றினால் அது குழாய்க்குள் போய் உறைந்து அடைக்கும். பேணி இன்னும் சூடாக இருக்கும்போதே பழைய கடதாசியால் துடையுங்கள், அந்தக் கடதாசி அடுத்தநாள் விறகடுப்பு மூட்ட உதவும். சீலையில் சிந்தினால் ஆறவிட்டு, ஐஸ்கட்டி வைத்து இறுக்கி, நகத்தால் பெயர்த்து, மிச்சத்துக்கு மேலும் கீழும் கடதாசி வைத்து அயன் பெட்டியால் தேயுங்கள், கடதாசி உறிஞ்சிவிடும். சீமெந்து நிலத்தில் சிந்தியது காய்ந்ததும் தட்டையான கரண்டிக்காம்பால் சுரண்டினால் வரும். சுரண்டியதை எறியாமல் மிச்ச மெழுகுப் பேணிக்குள் போடுங்கள்.